நெருப்பின் நடுவே ஒரு ஸலாம்

சென்ற வாரம் நம்மைக் காண வந்த நண்பர் ஒருவர், மேஜைமீது கிடந்த படமொன்றை எடுத்து வெகு நேரம் உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார். ஆகாய விமானப் படையின் கனத்த உடையணிந்த ஒரு வாலிபன் விறைப்பாக நின்று, வலது கையை நெற்றிக்கு உயர்த்தி ஸலாம் செய்வதைக் காட்டும் சிலையின் படம் அது. இங்கிலாந்தின் வடபாகத்தில் உள்ள ஒரு விமான நிலையத்தில் 2005-ம் வருஷம் அச்சிலை நிறுவப்பட்டது.

"இவர் யார்? எந்த யுத்தத்தில் ஜயித்தவர்?" என்று கேட்டார் நண்பர்.

"ஒன்றிலும் ஜயிக்கவில்லை. எரிகின்ற விமானத்தில் அகப்பட்டுக் கொண்ட தோழர் ஒருவரை விடுவிக்க முயன்றார், முடியவில்லை. அந்த முயற்சியில் உயிர் துறந்தார். அதற்காக விக்டோரியா கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்" என்று கூறினோம்.

நண்பர் முப்பது வருஷம் வக்கீல் தொழில் நடத்தியவர். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. "காப்பாற்றியவனுக்குப் பதக்கம் என்றால் விளங்குகிறது. காப்பாற்ற முடியாதவனுக்கு எதற்கு?" என்றார்.

அப்போது நமக்குச் சட்டென்று விடை வரவில்லை. காப்பி ஆறும் வரையில் நாம் அவருக்குச் சொன்ன வரலாற்றையே, சற்று விரிவாக, இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்லத் தீர்மானித்தோம்.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி 1916-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ம் தேதி கானடா தேசத்தில் வின்னிபெக் என்னும் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போய்க் குடியேறியவர்கள். வீட்டில் குழந்தைகள் ஆறு பேர். ஆண்ட்ரூவுக்குப் பதினாறு வயதாகும்போது தகப்பனார் காலமானார். அது 1930-களின் பெரும் பொருளாதார மந்த காலம். உலகம் முழுவதும் வேலையில்லாமல் ஜனங்கள் திண்டாடிய சமயம். பையன் ஒரு தோல் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். மெல்லிய தோலை அளந்து வெட்டித் தருவதுதான் வேலை. குளிர் காலத்தில் எலும்பு வரையில் நடுங்க வைக்கும் அந்த ஊரில் கம்பளி ரோமத் தோலுக்குக் கிராக்கி அதிகம். அந்தச் சம்பாத்தியம் தாயாருக்கும் உடன்பிறந்தாருக்கும் உதவிற்று. இதற்கு மேல் அவருடைய இளமையைப் பற்றிச் சொல்லுவதற்கு அதிகமில்லை. குடும்பப் பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொண்ட மூத்த பிள்ளைகளின் இளமையைப் பற்றி எந்த ஊரிலும் அதிகம் சொல்ல இராது.

1940-ல் உள்ளூர்க் காலாட்படை ஒன்றில் சிறிது காலம் இருந்த பிறகு, 1941-ம் வருஷக் கடைசியில் அவர் கானடா ராஜாங்க விமானப் படையில் சேர்ந்தார். யுத்த காலத்தில் கானடா தேசம் முழுவதுமே ஒரு பெரிய பறக்கும் பள்ளிக்கூடமாக மாறியிருந்தது. பகைவர் விமானங்கள் எட்டாத தூரம், பரந்த சமவெளி. அங்கே பல தேசத்து வாலிபர்களுமாக 1,30,000 பேருக்கு மேல் விமானப் பயிற்சி பெற்றார்கள். நம்முடைய மைனார்ஸ்கியை முதலில் கம்பியில்லாத் தந்தி வேலைக்குப் பழக்கினார்கள். கட்டுக் கட கட்டு என்று தட்டப்படும் மோர்ஸ் சங்கேதம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே துப்பாக்கிக்காரர் பயிற்சிக்கு மாற்றினார்கள். தந்தியில் அவர் தேறியிருந்தால் விமானத்தின் முன்பாகத்தில் உட்கார்ந்திருப்பார். பின்னால் நடந்த காரியத்தை அவர் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

1943-ம் வருஷத்தில் இங்கிலாந்துக்கு வந்து, 419-வது ஸ்குவாட்ரன் என்ற கானடியப் படைப்பிரிவில் அமர்ந்தார். டர்ஹாம் ஜில்லாவில் மிடில்டன் ஸெயின்ட் ஜார்ஜ் என்ற கிராமத்தை ஒட்டி அதன் விமானத் தளம் இருந்தது. இங்கே அவர்கள் ஓட்டியது லாங்காஸ்டர் என்னும் குண்டு வீச்சு விமானம்.

இந்த லாங்காஸ்டரின் உள்ளமைப்பை வாசகர்கள் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு எஞ்சின்கள், ஏழு ஆட்கள். மூக்கில் குண்டு எறிபவர். அதற்குச் சற்றுப் பின்னால் விமானியும், எஞ்சின்களைக் கவனிக்கும் நிபுணரும், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்பவரும், கம்பியில்லாத் தந்திக்காரரும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், இடுப்பளவு உயரமான ஓர் உலோகத் தண்டைத் தாண்டி நீண்ட இருட்டுக் குகை. குகையின் நடுவில் முதுகுப் புறத்தில் கண்ணாடிக் கூண்டு ஒன்று, அதில் மைனார்ஸ்கி. குகையின் கோடியில், வாலுக்கு அப்பால் தொங்குவதுபோல் இன்னொரு கூண்டு. அதில் வால் துப்பாக்கிக்காரர். அவர் முகம் எப்போதும் பின்னோக்கியே இருக்கும். விமானம் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது. கடந்து வந்த இருட்டு மட்டுமே தெரியும். நான்கு இயந்திரத் துப்பாக்கிகளின் நடுவே, காலை நீட்டக்கூட இடமில்லாமல், கொடுங்குளிரில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வேண்டும். கூண்டுக்குள் இடம் போதாமையால் அவருடைய பாரசூட் மூட்டை வெளியே, விமானத்தின் உடலுக்குள் மாட்டப்பட்டிருக்கும். ஆபத்து வந்தால் கூண்டை நேராக நிறுத்திக் கதவைத் திறந்து, கையைப் பின்னால் நீட்டி மூட்டையை எடுத்து மார்பில் மாட்டிக்கொண்டு, பிறகு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக வெளியே விழ வேண்டும். கூண்டு திரும்பாவிட்டால் அது கூண்டல்ல, பெட்டி.

கூண்டைத் திருப்பும் சக்தி எஞ்சினிலிருந்து எண்ணெய்க் குழாய்கள் வழியாக வந்தது. வால் கூண்டுக்கு வேண்டிய சக்தியை அளித்தது இடப்புறத்து எஞ்சின்.

நமது வரலாற்றில் அந்த வால் கூண்டில் இருந்தவர் பாட் பிரோபி. இவரும் கானடா தேசத்தவரே. ஏழு பேரில் மைனார்ஸ்கிக்கு மிக நெருங்கிய தோழர். இருவருக்கும் ஒரு வேற்றுமை: பிரோபி அதிகாரி ஆகிவிட்டார், மைனார்ஸ்கி அதிகாரி அல்லாதவர். அந்தக் காலத்து விமானத் தளங்களில் அதிகாரிகளுக்கு உணவும் படுக்கையும் ஓரிடத்தில், மற்றவர்களுக்கு வேறிடத்தில். வானத்தில் ஒரே விமானத்தில் ஒன்றாகச் சாகலாம். தரையில் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது! இதைப் பற்றி நாம் சிரிப்பதற்கில்லை. நம்முடைய வீடுகளிலும் பந்தி வேற்றுமைகளைப் பார்த்தவர்கள்தாமே நாம். இருவரும் இரவில் பிரியும்போது மைனார்ஸ்கி வேண்டுமென்றே விறைப்பாக நின்று, பெரிய ஸலாம் ஒன்று போட்டு, "குட் நைட், ஸார்!" என்பாராம். தோழரின் புதுப் பதவியைக் கேலி செய்யும் வேடிக்கை அது.

இனி 1944-ம் வருஷம் ஜூன் மாதத்துக்கு வருவோம். அம்மாதம் 6-ம் தேதி நேச நாட்டுச் சேனைகள் பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஜெர்மன் துணைப்படைகள் ரயில் மார்க்கமாகக் கடற்கரைக்கு வந்து சேராதபடி தடுக்க வேண்டும். அதற்காகப் பிரான்ஸ் தேசத்து ரயில் ஸந்திப்புகளை இரவுதோறும் குண்டு போட்டுத் தகர்த்தார்கள். இந்தத் திட்டம் பல மாதங்களுக்கு முன்பே வகுக்கப்பட்டது. ரயில் நிலையங்கள் ஊர் நடுவே இருப்பவை. ஆகவே மடிபவர் விடுவிக்கப்பட வேண்டிய பிரெஞ்சு ஜனங்களே. பிரதம மந்திரி சர்ச்சிலே இதை எண்ணிக் கலங்கி, சாவு பதினாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று வற்புறுத்தினார். பதினாயிரம் வரையில் போகலாம் என்று ஒரு கணக்கு! ஜெர்மனியின் நகரங்களில் நடந்ததோ இதைவிடப் பன்மடங்கு கொடியது. 1943-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் ஹாம்பர்க் நகரில் ஒரு வாரத்துக்குள் முப்பதினாயிரம் பேருக்கு மேல் வெந்து மாண்டார்கள்; அவர்களில் பெண்டு பிள்ளைகள் அனந்தம். குண்டு வீசும் தொழிலை நாம் போற்ற வரவில்லை. அதைப் போற்றாமலே, அந்தத் தொழிலில் அகப்பட்ட ஒரு மனிதனின் செய்கையைப் போற்ற முடியும் என்று நினைக்கிறோம். முடியாது என்று நினைக்கும் வாசகர்களும் இருப்பார்கள். அவர்களுடன் நமக்குச் சண்டையில்லை.

ஜூன் 12-ம் தேதி மாலை. அன்றிரவு போக வேண்டிய இடம் பிரான்ஸின் வடபாகத்தில் உள்ள காம்பிரே நகரத்து ரயில் ஸந்திப்பு. இந்த ஏழு பேருக்கும் அது பதின்மூன்றாவது பயணம் என்பார்கள். பதின்மூன்று என்ற எண்ணைக் கண்டு மேல்நாட்டார் அஞ்சுவது நம்மவர் ராகுகாலத்துக்கு அஞ்சுவது போலத்தான். புறப்படும் வேளைக்காக எல்லோரும் விமானத்தின் பக்கத்தில் புல்தரையில் காத்துக் கிடந்தார்கள். அப்போது மைனார்ஸ்கியின் கண்ணில் ஒரு சிறு செடி பட்டது. அந்த நாட்டில் தரையோடு படரும் ஒருவகைப் பூண்டு உண்டு. அதற்கு ஒரு காம்பில் மூன்று இலைகளே இருப்பது இயல்பு. ஆயிரத்தில் ஒன்று நான்கு இலையோடு அகப்பட்டால் அது அதிர்ஷ்டம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அன்று அவருக்குக் கிடைத்தது நான்கு இலைப் பூண்டு. அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், "இது உனக்கு" என்று பிரோபியிடம் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டார்.

ஏ என்ற எழுத்துத் தாங்கிய அந்த லாங்காஸ்டர் இரவில் புறப்பட்டுக் கடலைத் தாண்டியது. பிரான்ஸின் கரையைக் கடந்ததும் கீழிருந்து எழுந்த ஒளிவிளக்குகளின் கதிர்கள் ஒரு கணம் அதைப் பிடித்தன. விமானியான டி பிரெய்ன் விமானத்தைக் குப்புறச் சாய்த்தும் நிமிர்த்தியும் ஒளியிலிருந்து தப்பினார். ஆனால் அதற்குள் அவர்கள் இருக்குமிடம் வெளிப்பட்டுவிட்டது. நள்ளிரவு கடந்து சிறிது நேரம் ஆயிற்று. ஜெர்மானியரின் ஜங்கர்ஸ் 88 என்னும் இராச் சண்டை விமானம் ஒன்று கீழ்ப்பக்கமாக வந்து சுட்டது. முதலில் கண்டவர் பிரோபிதான். அவர் கூவி எச்சரித்தார். விமானி விமானத்தை வளைத்துத் திருப்பினார். பயனில்லை. குண்டுகள் மூன்று இடத்தில் தாக்கின. இடப்புறத்து எஞ்சின்கள் இரண்டும் நின்று போயின. அந்தப் பக்கத்து இறக்கையில் தீப்பிடித்தது. மூன்றாவது தீ, மைனார்ஸ்கியின் கூண்டுக்கும் பிரோபியின் கூண்டுக்கும் இடையே, குழாயிலிருந்து பீறிட்ட எண்ணெயில் பற்றிக் கொண்டு சுவர்போல் எழுந்தது.

எல்லோரும் குதித்துவிட வேண்டுமென்று விமானி கட்டளையிட்டார்.

முன்பாகத்தில் நடந்ததை முதலில் கூறுகிறோம். ஏனெனில் இதைப் பெரும்பாலோர் கூறாமல் விட்டுவிடுகிறார்கள். குண்டு எறிபவரான ஜாக் பிரைடே குதிப்பதற்காக மூக்கிலிருந்த கதவைத் திறந்தார். வேகக் காற்று அந்தக் கதவைப் பிடுங்கி அவர் முகத்திலேயே அறைந்தது. அவர் மூர்ச்சையாகி அங்கேயே விழுந்தார். அடுத்து வந்தவர் எஞ்சின் நிபுணர் ராய் விகர்ஸ். விமானம் எரிந்து சாய்ந்து கொண்டிருக்கிறது. பின்னால் மற்றவர்கள் வழிக்காகக் காத்திருக்கிறார்கள். விகர்ஸ் பதறவில்லை. நினைவற்ற தோழரைப் புரட்டி, பாரசூட்டை அவர் மார்பில் மாட்டி, அதை விரிக்கும் பிடியைத் தம் கையில் பிடித்துக்கொண்டே அவரைத் துவாரத்தின் வழியாக வெளியே தள்ளினார். பிடி கையோடு வந்தது, பாரசூட் விரிந்தது. பிரைடே கண் விழித்தபோது ஜெர்மானியரின் கைதியாக இருந்தார். ஆயினும் உயிரோடு இருந்தார். விகர்ஸும் கைதியானார். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்கவில்லை. இது நியாயமா என்று வக்கீல் நண்பர் கேட்டார். அவரவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

இனிப் பின்பாகம். மைனார்ஸ்கி தம் கூண்டிலிருந்து கீழே இறங்கினார். குதிப்பதற்குரிய கதவு பின்பக்கத்தில், வால் கூண்டுக்குச் சற்று முன்னால் இருந்தது. அதனருகே போய்விட்டார். வெளியே ஓர் எட்டு வைத்தால் போதும், பாரசூட் விரியும், அவருடைய பாரசூட் அப்போது பழுதில்லாமல் இருந்தது. அந்த நிலையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

வால் கூண்டில் பிரோபி இன்னும் இருந்தார். எஞ்சின்கள் நின்றதால் கூண்டு திரும்பவில்லை. கையால் திருப்புவதற்கென்று ஒரு பிடி உண்டு. பிரோபி அதைத் தம் பலம் முழுவதும் கொடுத்து முறுக்கியபோது அது முறிந்து கையோடு வந்துவிட்டது. பாரசூட்டை மாட்டிக்கொண்டு, வெளியேற வழியில்லாமல், கண்ணாடிக்குள் இருந்தார்.

மைனார்ஸ்கி கதவை விட்டு நகர்ந்து தீக்குள் புகுந்தார். நிமிர்ந்து நடக்க அங்கே இடமில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து, எரியும் எண்ணெயின்மீதே ஊர்ந்து போனார். கூண்டை அடைவதற்குள் உடையும் பாரசூட்டும் பற்றிக் கொண்டன. தீயணைக்கும் வேளையில் உபயோகிப்பதற்காக மாட்டியிருந்த கோடரியால் கூண்டை இடித்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு கோடரியைப் போட்டுவிட்டு வெறுங்கையாலேயே பிய்க்கத் தொடங்கினார். இடுப்பு வரையில் உடை எரிந்து கொண்டிருந்தது.

பிரோபி உள்ளேயிருந்து கையை ஆட்டி, "போ! திரும்பிப் போ!" என்று கத்தினார். தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பது மைனார்ஸ்கிக்கும் தெரிந்தது. ஆனால் உடனே திரும்பவில்லை. கடைசியில் திரும்பினபோதும், அந்தக் குறுகிய இடத்தில் உடம்பைத் திருப்ப முடியாமல், பிரோபியின் முகத்தைப் பார்த்தபடியே, தீக்குள் பின்னோக்கித் தவழ்ந்து சென்றார். கதவண்டை வந்ததும் எழுந்து நின்றார். உடையெல்லாம் தீ. விறைப்பாக நின்று, கையை நெற்றிக்கு உயர்த்தி, பிரோபிக்கு ஸலாம் செய்தார். உதடுகள் அசைந்தன. காற்றின் இரைச்சலிலும் எஞ்சின் ஓசையிலும் சொல் காதில் விழவில்லை. ஆனால் என்ன சொல் என்பது பிரோபிக்குத் தெரியும். இரவுதோறும் கேட்ட சொல்தான் அது.

அப்புறம் குதித்தார்.

இந்த இடத்தில் நம் நண்பர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஸலாம் செய்தார் என்று எப்படித் தெரியும்? அங்கே இருந்தவர் இரண்டே பேர். ஒருவர் குதித்து மாண்டார். மற்றவர் விமானத்தோடு எரிந்திருப்பார். சாட்சி யார்?" என்று கேட்டார். முப்பது வருஷத் தொழில் வீண்போகவில்லை.

சாட்சி பிரோபியேதான்.

ஆள் இல்லாத விமானம், வயிற்றில் குண்டுகளோடும் வாலில் பிரோபியோடும், கீழே வந்தது. தரையை நெருங்கும்போது இடப்புற இறக்கை ஒரு பெரிய மரத்தில் மோதிற்று. அந்த வேகத்தில் விமானம் சுழன்றது. வால் கூண்டு பிய்த்துக்கொண்டது. ஒரு மனிதன் கோடரியாலும் வெறுங்கையாலும் திறக்க முடியாத அதை மரம் ஒரே அடியில் திறந்துவிட்டது. பிரோபி வெளியே தூக்கி எறியப்பட்டார். குண்டுகளில் இரண்டொன்று வெடித்தன, மற்றவை வெடிக்கவில்லை. நினைவு வந்து பார்த்தபோது ஒரு மரத்தடியில் கிடந்தார். கையையும் காலையும் அசைத்துப் பார்த்தார். பெரிய காயம் ஒன்றுமில்லை.

மைனார்ஸ்கி எரிகின்ற பாரசூட்டோடு இறங்குவதைத் தரையிலிருந்த பிரெஞ்சு ஜனங்கள் பார்த்தார்கள். ஓடிப் போய் எடுத்தார்கள். உயிர் இருந்தது, ஆனால் உடல் மிகவும் வெந்துவிட்டிருந்தது. சில மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது இருபத்தேழு.

விமானி டி பிரெய்ன், வழிகாட்டி போடி, தந்திக்காரர் கெல்லி, பிரோபி ஆகிய நால்வரையும் பிரெஞ்சு ஜனங்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அகப்பட்டால் வீட்டோடு நாசம் என்று தெரிந்தும் கதவைத் திறந்தவர்கள் அவர்கள். எந்த விமானங்கள் தங்கள் ஊர்களிலும் குண்டு போட்டனவோ, அதே விமானங்களிலிருந்து விழுந்தவர்களை எடுத்து உணவளித்தார்கள். அவர்களுக்கெல்லாம் யார் சிலை வைத்தார்கள்?

நேச நாட்டுச் சேனைகள் முன்னேறி வந்த பிறகு, 1944-ம் வருஷம் செப்டம்பரில் பிரோபி லண்டனுக்குத் திரும்பினார். மைனார்ஸ்கி இறந்துவிட்டார் என்பதை அப்போதுதான் அறிந்தார். மற்ற ஐவருக்கும் விமானத்தின் பின்பாகத்தில் நடந்தது எதுவும் தெரியாது; நீண்ட குகைக்கு அப்பால், நெருப்புக்கு மறுபுறத்தில் நடந்த காரியம் அது. பிரோபி சொல்லித்தான் தெரிந்தது. விமானி டி பிரெய்ன் அதைக் கேட்டு, இது வெளிப்படாமல் போகக் கூடாதென்று மேலிடத்துக்கு எழுதினார். எழுதுவதும் விசாரிப்பதுமாக நாள் கடந்தது. யுத்தமே முடிந்துவிட்டது. 1946-ம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ம் தேதி லண்டன் கெஜட்டில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அதில் மைனார்ஸ்கியின் பெயருக்கு முன் பைலட் ஆபீஸர் என்ற பதவி காணப்படுகிறது. ஆம், அவரும் அதிகாரி ஆகியிருந்தார். இனி பிரோபிக்கு "ஸார்" போட வேண்டிய அவசியமில்லை.

நண்பர் இப்போது வேறு வாதத்தை எடுத்தார். "அப்படியானால் விஷயம் இன்னும் மோசம். மைனார்ஸ்கி நேரே குதித்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார்; மரம் எப்படியும் பிரோபியைக் காப்பாற்றியிருக்கும். இருவரும் முதுமையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்திருப்பார்கள். அந்த முயற்சி தோற்றது மட்டுமல்ல, தேவையே இல்லாமல் போயிற்றே!"

இதை மறுக்க முடியாது. மறுக்கவும் நாம் முயலவில்லை. பிரோபியும் வாழ்நாள் முழுவதும் இதை எண்ணாமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் நண்பருடைய வாதத்தில் ஒரு பிசகு இருக்கிறது. மரம் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். கதவண்டை நின்றவருக்குத் தெரியாது. அவர் கண்டதெல்லாம் கண்ணாடிக்குள் ஒரு முகம். அந்த முகத்தைக் கண்ட பிறகு குதிப்பதா, தவழ்வதா என்று தீர்மானிக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் இதை வாசிக்கும் நேரங்கூட இல்லை. தீர்ப்புக் கூறும் நமக்கோ எண்பது வருஷங்கள் கிடைத்திருக்கின்றன.

இன்னொன்றும் நண்பரிடம் சொன்னோம். பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,500 பேருக்கு மேல் மாண்டார்கள். அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்கு. அவர்களில் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் கானடா தேசத்தவர். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முப்பது பயணம் முடித்தால் ஓய்வு உண்டு என்பது விதி. முப்பதை எட்டுமுன்னரே போனவர்கள்தாம் அதிகம். ஒவ்வொரு விமானத்திலும் ஏழு பேர். விழுந்த ஆயிரக்கணக்கான விமானங்களின் நீண்ட இருட்டுக் குகைகளில் என்னென்ன நடந்தன? யார் யாருக்காகத் திரும்பினார்கள்? அங்கெல்லாம் மரம் வந்து கூண்டைத் திறக்கவில்லை; சாட்சி சொல்ல ஒருவரும் திரும்பவில்லை. தோல் வெட்டும் தொழிலாளி ஒருவருடைய பெயரை நாம் அறிந்திருப்பது பிரோபி பிழைத்த விசித்திரத்தினால்தான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. படத்தை மட்டும் மறுபடி கையில் எடுத்துக் கொண்டார்.

யுத்தம் முடிந்த பிறகு இந்தப் படையினரைப் பற்றிப் பேச இங்கிலாந்துக்கே நெடுநாள் நா எழவில்லை. எரிந்த நகரங்களின் நினைவு குறுக்கே நின்றது. லண்டனில் அவர்களுக்கென்று ஒரு ஞாபகச் சின்னம் 2012-ம் வருஷத்தில்தான் திறக்கப்பட்டது. மைனார்ஸ்கியின் சிலையை மிடில்டன் ஸெயின்ட் ஜார்ஜில் வைக்க ஏற்பாடு செய்தது அந்தப் பக்கத்து ஜனங்கள் படிக்கும் ஒரு பத்திரிகை. வாசகர்கள் கொடுத்த பணம் சேர்ந்து சிலையாயிற்று. அவருடைய உடல் பிரான்ஸில் மெஹாரிக்கூர் என்னும் சிறு கிராமத்து இடுகாட்டில் அடங்கியிருக்கிறது. வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர்.

கானடாவில் ஹாமில்டன் நகரத்து விமானக் காட்சிச்சாலை, யுத்தகாலத்து லாங்காஸ்டர் ஒன்றைப் பழுது பார்த்து 1988-ல் மறுபடி பறக்க விட்டது. அதற்கு மைனார்ஸ்கியின் பெயரை வைத்து, அவர் சென்ற விமானத்தின் எழுத்துக்களையே அதன் உடலிலும் தீட்டினார்கள். 2014-ம் வருஷம் அது அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து, மிடில்டன் ஸெயின்ட் ஜார்ஜின் பழைய தளத்திலும் இறங்கிற்று. அன்று அங்கே திரளான ஜனங்கள் கூடியிருந்தார்கள். பின்பக்கத்துக் கதவு வலது புறத்தில் இருக்கிறது. அங்கிருந்து வால் கூண்டு சில எட்டுத் தூரம்தான்.